கச்சான் எழும்புவதற்குள்: திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கலங்கள்

மாசி மாதம் பிறந்தாலே என்னிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். திருகோணமலைக்குத் திமிங்கலம் வந்துவிட்டதா, எப்போது போகலாம், எந்தப் படகு நல்லது, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஒவ்வொரு வருடமும் பங்குனி, சித்திரையில் நான் அங்கே போய்வருவது தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் அவர்கள் கேட்காத ஒன்றுதான் இத்தனை வருடத்தில் எனக்கு முக்கியமாகத் தெரிந்திருக்கிறது. படகு ஓட்டுபவருக்குக் காத்திருக்கத் தெரியுமா என்று பாருங்கள். நாள், நேரம், காசு எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் அவை ஏன் இந்தக் கடலுக்கு வருகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் எங்கே தேடுவது, எப்போது தேடுவது என்பதில் பாதி விளங்கிவிடும்.

திருகோணமலைத் துறைமுகத்தை வெறும் அழகான குடா என்று நினைத்துப் பார்த்துவிட்டு வருகிறோம். அந்தக் குடாவுக்குக் கீழே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. கொட்டியாரக் குடாப் பக்கம் தொடங்கி ஆழ்கடலை நோக்கி இறங்கிப் போகும் இது, உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. மற்ற ஊர்களில் ஆழ்கடலைப் பார்க்க மணிக்கணக்காக ஓட வேண்டும். இங்கே கரையிலிருந்து சில கிலோமீட்டர் போனாலே காலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வந்துவிடும். மூதூர்ப் பக்கம் மகாவலி கங்கை கடலில் கலப்பதும் இதே குடாவில்தான். ஆறு கொண்டுவரும் சத்தும் பள்ளத்தாக்கின் ஆழமும் ஒரே இடத்தில் சேருகின்றன. ஆழத்தில் கணவாயைத் தேடும் ஸ்பேர்ம் திமிங்கலத்துக்கும், சிறு இறால் கூட்டங்களைத் தேடும் நீலத் திமிங்கலத்துக்கும் கரைக்குப் பக்கத்தில் வேலை இருப்பது அதனால்தான்.

அந்தச் சிறு இறாலைப் பற்றி ஒரு வார்த்தை. உலகின் பல கடல்களில் நீலத் திமிங்கலத்தின் சாப்பாடு கிரில் என்ற, இறால் போன்ற ஒரு சிற்றுயிர். குளிர்கடலுக்குப் போய் அதைத் தின்று கொழுத்து, வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடுவது அவற்றின் வழமை. இலங்கையைச் சுற்றியுள்ளவை துருவக் கடலுக்குப் போவதே இல்லை. வருடம் முழுக்க வெப்பக் கடலிலேயே தின்று, அங்கேயே வாழ்கின்றன. இதைப் பல வருடங்களாக ஆராய்ந்துவருபவர் இலங்கையைச் சேர்ந்த கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். தென்கரையில் இவை தின்பது பெரும்பாலும் செர்ஜெஸ்டிட் என்ற குடும்பத்துச் சிறு இறால்களைத்தான் என்று தெரியவந்திருக்கிறது. நாம் சந்தையில் வாங்கிச் சம்பல் போடும் கூனியும் அதே குடும்பம்தான். இதைக் கேட்ட நாளிலிருந்து கூனியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரிய உடம்பு ஞாபகம் வருகிறது.

துருவத்துக்குப் போகாவிட்டாலும் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. மாலைதீவை மையமாகக் கொண்டு பல காலம் வேலைசெய்த கடல் உயிரியலாளர் சார்ள்ஸ் அண்டர்சன் என்பவரின் கருத்துப்படி, பருவக்காற்றோடு சேர்ந்து இவற்றில் பல இடம்பெயர்கின்றன. மார்கழி, தை அளவில் இலங்கையின் தெற்கைத் தாண்டிக் கிழக்கே வங்காள விரிகுடாப் பக்கம் வருகின்றன. சித்திரை, வைகாசி அளவில் திரும்பி மேற்கே அரபிக்கடலுக்குப் போகின்றன. தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது சோமாலியா, ஓமான் கரைகளில் அடிக்கடல் நீர் மேலே வந்து சாப்பாடு பெருகும். அதை நோக்கிய பயணம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவில் கார்த்திகை முதல் சித்திரை வரை திமிங்கலக் காலம் என்பதும், திருகோணமலையில் பங்குனி, சித்திரை சிறந்த மாதங்கள் என்பதும் ஒன்றோடொன்று பொருந்திவருவது தெரியும். ஆவணி வரை இங்கே அவ்வப்போது தென்படும். ஆனால் தூரத்திலிருந்து லீவு போட்டு வருபவர்களுக்கு நான் பங்குனிக் கடைசி, சித்திரை முதல் பாதி என்றுதான் சொல்வேன்.

அதற்குக் காரணம் திமிங்கலம் மட்டும் இல்லை, காற்றும்தான். வாடைக்காலத்தில், அதாவது ஐப்பசிக் கடைசியிலிருந்து தை முடியும்வரை, கிழக்குக் கடல் சீறிக்கொண்டிருக்கும். சிறு படகில் போக நினைக்கவே வேண்டாம். வைகாசிக்குப் பிறகு கச்சான், அதாவது தென்மேல் பருவக்காற்று, தொடங்கிவிடும். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரம் கடல் தட்டையாகத் தெரியும். நிலாவெளியில் நின்று பார்ப்பவர் குளம் மாதிரி இருக்கிறதே என்பார். ஏழெட்டுக் கிலோமீட்டர் வெளியே போனால் நிலைமை வேறு. போகும்போது காற்று முதுகில் இருப்பதால் அதன் பலம் தெரியாது, திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அலைக்கு எதிராக ஏறி இறங்கி, உப்புத்தண்ணீரில் நனைந்து, போன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். கச்சான் மாதங்களில் போவதானால் விடியவே கடலில் இருக்க வேண்டும், காற்று எழும்புவதற்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம் என்று எந்த ஹோட்டல்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, படகுக்கு முன்னால் மலைக்குப் போவோம்.

திருக்கோணேஸ்வரம் நிற்கும் சுவாமி மலையிலிருந்தே திமிங்கலம் பார்க்கலாம். இது பலருக்குத் தெரியாது. என் அம்மாவின் ஊர் திருகோணமலை. சின்ன வயதில் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கடலைப் பார்க்கும்போது, "அங்க பார் பிள்ளை, மூச்சு விடுது" என்று மாமா காட்டியிருக்கிறார். உலகத்தில் இப்படி ஒரு கோவில் வாசலில் நின்று நீலத் திமிங்கலம் பார்க்கக்கூடிய ஊர் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. காசு இல்லை, வாந்தி இல்லை, திமிங்கலத்துக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. வயதானவர்கள், கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இந்த மலையைத்தான்.

மலையில் நேரம் தலைகீழ். படகுக்கு விடியற்காலை நல்லது, மலைக்குப் பின்னேரம் நல்லது. மலை கிழக்கைப் பார்த்து நிற்கிறது. காலையில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், கடல் முழுக்க வெள்ளிப் பளபளப்பு. மூன்று மணிக்குப் பிறகு வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கடல் கருநீலமாகத் தெளிந்துவிடும். கருநீலத்தில் வெள்ளை மூச்சு எழுந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது, 8 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் கை நடுங்கும். கடலை ஒரே புள்ளியில் வெறித்துப் பார்க்காமல், அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இடமிருந்து வலமாக மெதுவாகக் கண்ணை ஓட்டுங்கள். ஒரு மூச்சைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். அடுத்த மூச்சு அரை நிமிடத்துக்குள் பக்கத்திலேயே வரும். கோவிலுக்குப் போகும் உடுப்பில், செருப்பைக் கழற்றிவிட்டு, அமைதியாக நிற்க வேண்டிய இடம் அது என்பதையும் சொல்லத் தேவையில்லை. பாறை விளிம்பில் வேலிக்கு வெளியே யாரும் போக வேண்டாம், பிள்ளைகளின் கையை விடவே வேண்டாம்.

மூச்சைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கும் மலைதான் நல்ல பள்ளிக்கூடம். நீலத் திமிங்கலத்தின் மூச்சு நேராக, ஒல்லியாக, உயரமாக எழும்பும். காற்றில்லாத நாளில் ஒன்பது மீட்டர் வரை போகும். ஸ்பேர்ம் திமிங்கலத்தின் மூச்சு தாழ்வாக, புதர் மாதிரி விரிந்து, முன்பக்கமாகவும் இடப்பக்கமாகவும் சாய்ந்து வரும். அதன் மூக்குத்துளை தலையின் இடப்பக்க நுனியில் இருப்பதால் அப்படி. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால், படகில் போகும்போது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீலத் திமிங்கலம் மேலே வந்தால் ஒரு மூச்சோடு போய்விடாது. சில நிமிடங்கள் மேற்பரப்பில் நின்று, விட்டுவிட்டுப் பல தடவை மூச்செடுக்கும். முதுகு தெரியும், நீர் மூடும், திரும்ப முதுகு தெரியும். கடைசி மூச்சுக்குப் பிறகு முதுகை வழமையைவிட உயரமாக வளைக்கும். அது ஆழத்துக்குப் போகப்போகிறது என்பதன் அடையாளம். வால் மேலே வருவதைப் பார்க்க விரும்புபவர்கள் கமராவைத் தூக்க வேண்டியது அப்போதுதான். எல்லாக் கடல்களிலும் நீலத் திமிங்கலம் வால் தூக்குவதில்லை. இலங்கைக் கடலில் அடிக்கடி தூக்குகின்றன, நமக்கு அந்தப் பாக்கியம் உண்டு. வால் மறைந்த இடத்தில் எண்ணெய் விட்டது போல ஒரு வழுவழுப்பான வட்டம் கொஞ்ச நேரம் நீரில் நிற்கும். அதன் பிறகு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குக் கிட்டத்தட்டக் காத்திருக்க வேண்டும், சில வேளை கூடவும் ஆகும். ஸ்பேர்ம் திமிங்கலமாக இருந்தால் முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் கூடக் கீழே இருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் படகுகாரரின் தரம் தெரியும்.

ஒரு சித்திரை மாதம், லீவு நாள். பள்ளத்தாக்கின் மேலே ஒரு தாயும் குட்டியும் இருந்தன. போனில் ஒருவருக்கொருவர் சொல்லி ஏழெட்டுப் படகுகள் வந்து சேர்ந்துவிட்டன. மூச்சு எழும்பிய திசைக்கெல்லாம் முழு வேகத்தில் ஓட்டினார்கள். ஒரு படகு நேராக முன்னால் போய் வழியை மறித்தது. தாய் வழமையாக எடுக்கும் மூச்சுகளை எடுக்கவில்லை. இரண்டு மூச்சோடு கீழே போய்விட்டது, குட்டியும் கூடவே. அதற்குப் பிறகு வெகுநேரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. படகுகளில் இருந்தவர்கள் காசு வீண் என்று முகம் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆழத்துக்குப் போவதற்கு வேண்டிய மூச்சை ஒரு தாய்க்கு எடுக்கவிடாமல் செய்துவிட்டுப் படம் பிடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

அதே கடலில் நான் வழக்கமாகப் போகும் ஒரு வயதான கடற்றொழிலாளி இருக்கிறார். தூரத்தில் மூச்சைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பார். திமிங்கலம் எந்தத் திசைக்குப் போகிறது என்று இரண்டு மூச்சு பார்ப்பார். பின்னாலிருந்து துரத்தாமல், முன்னால் மறிக்காமல், பக்கவாட்டில் அதன் போக்கிலேயே தள்ளி நின்று, கடைசியில் இஞ்சினை நிறுத்திவிடுவார். முதல் தடவை நான் அந்தரப்பட்டபோது, "அவசரப்படாதீங்க மகள், அது மூச்செடுத்து முடியட்டும். நாங்க இருந்து பாப்பம்" என்றார். இருந்து பார்த்தோம். கீழே போனது, எங்கள் படகுக்கு அருகில் தானாகவே வந்து எழும்பியது. இஞ்சின் சத்தம் இல்லாததால் மூச்சு விடும் ஓசை நெஞ்சுக்குள் கேட்டது. இந்தக் கடலில் உள்ளவை அண்டார்டிக் கடலின் நீலத் திமிங்கலங்களைவிடச் சற்றுச் சிறியவை, பெரியது 24 மீட்டர் அளவு வரும். நாங்கள் இருந்த ஃபைபர் படகை மூன்று தடவை நீளவாக்கில் அடுக்கினாலும் அதை எட்டாது.

அதனால் படகு பேசும்போது விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "திமிங்கலத்தைக் கண்டா என்ன செய்வீங்க அண்ணா?" கிட்டக் கொண்டுபோய்க் காட்டுகிறேன், தொடுகிற தூரத்துக்குப் போகலாம் என்று சொல்பவரை விட்டுவிடுங்கள். இலங்கையின் விதிப்படி 100 மீட்டருக்குக் கிட்டப் போகக்கூடாது, அனுமதி இல்லாமல் அவற்றோடு நீந்தவும் கூடாது. திமிங்கலமாக வந்து நம்மை நெருங்கினால் இஞ்சினை நிறுத்திவிட்டு இருந்துவிட வேண்டியதுதான். அடுத்து, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வாய்ச்சொல் போதாது. இரண்டாவது இஞ்சின் உண்டா, இல்லாவிட்டால் பழுதானால் யாரைக் கூப்பிடுவார், வெளியே போவதைக் கரையில் யாருக்காவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல ஓட்டிகள் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்கள். அப்புறம், ஏறும் முன்னரே நீங்களும் ஒரு வாக்குக் கொடுங்கள்: "துரத்த வேண்டாம், ஒன்றும் காணாவிட்டாலும் பேசின காசைத் தருவோம்." பல படகுகாரர்கள் துரத்துவது பயணிகள் முகம் கோணிவிடுமோ என்ற பயத்தில்தான். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் அவர்கள் ஓட்டும் விதமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

உடம்பு விஷயம் சுருக்கமாக. பயணவாந்தி வருபவர்கள் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும், கடலில் தலை சுற்றிய பிறகு போட்டுப் பயன் இல்லை. வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். பாண், பிஸ்கட், வாழைப்பழம் போதும். படகின் பின்பாதியில் இருங்கள், முன்பாதி தூக்கித் தூக்கிப் போடும். போன் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் முதலில் வாந்தி வரும். நிறையத் தண்ணீர், கயிறு வைத்த தொப்பி, கைநீளச் சட்டை. பொலித்தீன் எதையும் கையில் கொண்டுபோகாதீர்கள், காற்று பிடுங்கிக் கடலில் போட்டுவிடும்.

இந்தக் கடலின் கதையையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைக் கொன்று கணக்கை மறைத்தன. பல வருடம் கழித்துத்தான் அது வெளியே வந்தது. 1979இல் சர்வதேசத் திமிங்கல ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற சிறிய பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். திருகோணமலைக்கு வெளியே ஸ்பேர்ம் திமிங்கலங்களையும் நீலத் திமிங்கலங்களையும் கரைக்கு இவ்வளவு கிட்டக் கண்டு வியந்தார்கள். இலங்கை நீலத் திமிங்கலங்களுக்கென்று தனியான ஒரு பாட்டு இருக்கிறது. அது முதலில் பதிவானதும் அந்தப் பத்தாண்டில் இதே கடலில்தான். 1983இல் யுத்தம் வெடித்தது. வெளிநாட்டவர் போய்விட்டார்கள். நம்முடைய கடற்றொழிலாளருக்கே பாஸ் எடுத்து, குறித்த நேரத்தில், குறித்த தூரம் மட்டும் என்று ஆனது. பலருக்குக் கடலே இல்லாமல் போனது. 2009க்குப் பிறகுதான் திமிங்கலம் பார்க்கும் படகுகள் இங்கே மறுபடி ஓடத் தொடங்கின. அந்த இருபத்தைந்து வருடமும் பங்குனி தோறும் அவை வந்துகொண்டுதான் இருந்திருக்கும். பார்க்கத்தான் எங்களுக்கு வழி இருக்கவில்லை. இன்று வலைக்காரர்களின் பிள்ளைகள் சிலர் இந்தத் தொழிலில் வருமானம் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் அந்தத் தொழில் துரத்தலில் கெட்டுப்போகக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

துரத்தும் படகைவிடப் பெரிய ஆபத்து கப்பல்கள். இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் மிகச் சுறுசுறுப்பான கப்பல் பாதைகளில் ஒன்று, திமிங்கலங்கள் தின்னும் இடத்தின் குறுக்கே போகிறது. அடிபட்டுச் செத்தவை கரையொதுங்கியிருக்கின்றன. 2022இல் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்ய வேண்டும், பாதையே சட்டப்படி மாற வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தை விரிவாக்குவது பற்றிப் பேசுபவர்களும் தங்கள் வாசலில் என்ன நீந்துகிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியாக, திட்டமிடுவது பற்றி. ஒரே ஒரு காலைப்பொழுதை நம்பி வராதீர்கள். குறைந்தது இரண்டு காலை, ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தங்கினால் விடியவே படகேற வசதி. முதல் நாள் பின்னேரம் சுவாமி மலைக்குப் போய்க் கடலின் நிலையைப் பாருங்கள், அடுத்த காலை படகு. அன்று ஒன்றும் காணாவிட்டால் அடுத்த காலை திரும்பப் போகலாம். முதல் காலையிலேயே கண்டுவிட்டால் இரண்டாவது நாளுக்குப் புறாமலையும் கன்னியா வெந்நீரூற்றும் இருக்கின்றன. திமிங்கலம் காணாத நாளிலும் ஸ்பின்னர் டொல்பின் கூட்டம் குறுக்கே வருவது இங்கே சாதாரணம். படம் எடுத்தால் திகதி, நேரம், இடம் மூன்றையும் குறித்து வையுங்கள், போனில் லொகேஷனைப் போட்டுவிட்டால் அதுவே பதிந்துவிடும். நீலத் திமிங்கலங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண்பது தோலிலுள்ள புள்ளிக்கோலத்தையும் முதுகுச் செட்டையையும் வைத்துத்தான். அதனால் வால் படத்தோடு நிறுத்தாமல் முதுகின் பக்கவாட்டையும் எடுங்கள். ஆராய்ச்சியாளர்கள் பொதுமக்களின் படங்களை வாங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் இந்த வருடம் எடுத்த ஒரு முதுகு, வேறொருவர் மாலைதீவிலோ மிரிஸ்ஸவிலோ எடுத்த முதுகோடு பொருந்தினால், ஒரு திமிங்கலம் எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரியவரும்.